சட்டப் படிப்புக்கான தருக்கப் பயிற்சி தமிழிலேயே தொடங்கட்டும்

பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர எழுத வேண்டிய கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. 120 நிமிடங்களில் 120 கேள்விகள். அவற்றில் 22 முதல் 26 வரை தருக்க அறிவைச் சோதிப்பவை. தமிழ்வழியில் படிக்கும் அரசுப் பள்ளி மாணவர் இந்தப் பகுதியைக் கண்டு தயங்குகிறார். தருக்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே நாளில், ஒரே புத்தகத்தில் கற்கச் சொல்வதே அந்தத் தயக்கத்தின் வேர். இரண்டையும் பிரித்துப் பயிற்றுவித்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

இது யாருக்கு முக்கியம் என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பிள்ளைப்பாக்கம் நல்ல உதாரணம். செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிகளில் ஒன்று இந்த ஊருடையது. இன்று சிப்காட் தொழிற்பூங்கா, மின்னணு உற்பத்தித் தொகுப்பு, 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட சோலார் தகடு ஆலை என ஊரின் அடையாளமே மாறியிருக்கிறது. ஒரு பக்கம் ஒரகடமும் வல்லம் வடகாலும், மறுபக்கம் இருங்காட்டுக்கோட்டை, சற்றுத் தள்ளிச் சுங்குவார்சத்திரம் எனச் சுற்றிலும் தொழிற்பகுதிகளே.

நில எடுப்பு, இழப்பீடு, கான்ட்ராக்ட் வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., சங்கப் பதிவு என்று இந்தப் பகுதியின் வீடுகளுக்குள் சட்டம் அன்றாடம் நுழைகிறது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சட்டத்தின் பாஷையை அவசர அவசரமாகக் கற்க நேர்ந்தது. 2025 நவம்பர் 21 அன்று 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. எந்த விதி யாருக்குப் பொருந்தும் என்று எடுத்துச்சொல்ல, ஆலை வாசலின் நடைமுறை தெரிந்த வழக்கறிஞர்கள் இனி இன்னும் கூடுதலாகத் தேவைப்படுவார்கள். ஷிப்ட் பேருந்தில் போய்வரும் பெற்றோரின் பிள்ளைகளைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யார்?

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையிலேயே ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீட்டைச் சட்டப் படிப்புக்கும் விரிவுபடுத்திய சட்டம் 2021இல் வந்தது. இந்த வழி நல்ல வழிதான். ஆனால், தமிழ்நாட்டின் சொந்தச் சட்டத்தால் உருவான திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில்கூட கிளாட் எழுதாமல் இளநிலைப் படிப்பில் சேர முடியாது. அந்தக் கதவு பிள்ளைப்பாக்கத்துக்கும் திறக்க வேண்டும்.

தேர்வு கேட்பது என்ன?

2008இல் கிளாட் தொடங்கும் முன்பு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே தேர்வு நடத்தியது. 2017இல் அமைந்த தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இப்போது கிளாட்டை நடத்துகிறது. 2020இல் தேர்வின் உருவம் அடியோடு மாறியது. ரத்த உறவுப் புதிர், திசைப் புதிர், எண் வரிசை போன்றவற்றின் ஆதிக்கம் போய், ஒரு பத்தியும் அதன் கீழ் சில கேள்விகளும் என்ற முறை வந்தது. பத்தியின் வாதம் என்ன, அதன் முடிவு எது, ஆதாரம் எது, எதைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருக்கிறது, எது அதை வலுப்படுத்தும், எது உடைக்கும் என்று கேட்கிறார்கள்.

கடைகளில் கிடைக்கும் பழைய தருக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் புதிர்களால் நிரம்பியவை. வங்கித் தேர்வுக்கு உதவக்கூடியவை. கிளாட்டுக்கு ஓரளவே பயன்படும். இதை அறியாமல் மாதக்கணக்கில் நாற்காலி வரிசைப் புதிர் போடும் மாணவர்களின் உழைப்பு வீணாகிறது.

டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் நுழைவுத் தேர்வில் 150 கேள்விகளில் 70 தருக்கப் பகுதிக்கு உரியவை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்விலிருந்து 2024 ஆகஸ்டில் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டது. வாதங்களை ஆராயும் பகுதி இரட்டிப்பானது. உலகெங்கும் காற்று ஒரே திசையில்தான் வீசுகிறது. புதிரை அவிழ்ப்பவரைவிட, பிறர் பேச்சின் எலும்புக்கூட்டைக் காண்பவரையே சட்டக் கல்லூரிகள் தேடுகின்றன.

ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்த்தல்

கற்பனையாக ஒரு சிறு பத்தி: ‘தொழிற்பூங்கா சாலையில் கடந்த ஆண்டு நிறுவனப் பேருந்துகளின் எண்ணிக்கை கூடியது. அதே ஆண்டில் சாலை விபத்துகளும் கூடின. ஆகவே, பேருந்துகளைக் குறைத்தால் விபத்து குறையும்.’

கேட்டதும் நியாயம்போலத் தோன்றும். பிரித்தால் கதை வேறு. ‘ஆகவே’ என்பதற்குப் பின்னால் வருவது முடிவு. அதற்கு முன் உள்ள இரண்டு செய்திகளும் ஆதாரங்கள். ஆதாரம் ‘இரண்டும் ஒன்றாகக் கூடின’ என்று மட்டும் சொல்கிறது. முடிவோ, ‘ஒன்றால் மற்றொன்று வந்தது’ என்று பேசுகிறது. இந்த இடைவெளியை நிரப்பும் எடுகோள் பத்தியில் எங்கும் எழுதப்படவில்லை. பேருந்துகள்தான் விபத்துக்குக் காரணம், வேறெதுவும் அந்த ஆண்டில் மாறவில்லை என்பதே அது. தேர்வு குறிவைப்பது இந்த எழுதப்படாத வரியைத்தான்.

இந்த மாதிரி வாதங்களைச் சோதிக்கும் முறையைப் பழைய காஞ்சியே கற்றுக்கொடுத்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று வாதத்தின் ஐந்து உறுப்புகள் அங்கே சொல்லப்படுகின்றன. மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், புகை தெரிவது ஏது, அடுக்களை திட்டாந்தம். காரணம்போல் தோன்றிக் காரணமாகாத ஏதுப்போலி அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகை. பிளஸ் 2 தமிழாசிரியர் ஒரு பாடவேளையில் நடத்திவிடக்கூடிய இந்த மூன்றையும் பேருந்து வாதத்தின் மீது வைத்துப் பார்க்கலாம்.

அசித்தம் என்றால் காரணமே நிலைபெறவில்லை என்று பொருள். பேருந்துகள் உண்மையில் கூடினவா, அல்லது பழைய பேருந்துகளே வழி மாறி இந்தச் சாலைக்கு வந்தனவா? அநைகாந்திகம் என்றால் காட்டிய காரணம் இரு பக்கத்துக்கும் பொருந்துகிறது. பேருந்தால் விபத்து கூடியிருந்தாலும், கன்டெய்னர் லாரிகளால் கூடியிருந்தாலும் ‘இரண்டும் ஒரே ஆண்டில் கூடின’ என்ற செய்தி அப்படியேதான் இருக்கும். ஆகவே, அது எதையும் முடிவுசெய்யாது. விருத்தம் என்றால் காரணம் எதிர்முடிவுக்கே இட்டுச்செல்கிறது. பேருந்தைக் குறைத்தால், இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு டூவீலரில் திரும்புவோர் பெருகி விபத்து இன்னும் கூடலாம்.

வாதத்தை வலுவிழக்கச் செய்வது எது என்று கேட்கும் கேள்விகளில், சரியான விடை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான ‘டிரிக்’குகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த மூன்று கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்வது எளிது, நீண்ட நாள் நிற்பதும் அதுவே.

நோட்டீஸ் போர்டில் ஒரு பாடம்

நிபந்தனை வாக்கியங்களில் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆலை நோட்டீஸ் போர்டில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘மாதம் முழுவதும் லீவு போடாதவர்களுக்கு மட்டுமே அட்டெண்டன்ஸ் போனஸ்.’ ஒருவர் லீவே போடவில்லை. அவருக்குப் போனஸ் உறுதியா? இல்லை. லீவு போட்டவருக்குக் கிடையாது என்பதை மட்டுமே இந்த வாக்கியம் உறுதிசெய்கிறது. லீவு போடாமல் வந்து, வேறொரு நிபந்தனையில் அவர் விடுபட்டுப்போகலாம்.

‘லீவு போடாதவர்களுக்கு எல்லாம் போனஸ் உண்டு’ என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. லீவு போடாதவருக்குப் போனஸ் நிச்சயம். ஆனால், போனஸ் வாங்கிய ஒருவரைக் காட்டி ‘இவர் லீவே போடவில்லை’ என்று சொல்ல முடியாது. வேறு வகையிலும் அவருக்கு அது கிடைத்திருக்கலாம். முதல் வாக்கியம் தேவையான நிபந்தனையைச் சொல்கிறது, இரண்டாவது போதுமான நிபந்தனையை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் தேர்வில் ஒரு மதிப்பெண் போகும். ஊதிய ஒப்பந்தத்தில் தவறவிட்டால் ஒரு குடும்பத்தின் பணமே போகும்.

மாணவர்கள் இரண்டு வகைக் கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் உண்டு. ‘பத்தியிலிருந்து பெறப்படுவது எது’ என்றால் பத்தியை உண்மையென்று கொண்டு கொடுத்திருக்கும் விடைகளைச் சந்தேகிக்க வேண்டும். ‘வாதத்தை உடைப்பது எது’ என்றால் தலைகீழ். கொடுத்திருக்கும் ஒவ்வொரு விடையையும் உண்மையென்று ஏற்றுக்கொண்டு பத்தியின் முடிவைச் சந்தேகிக்க வேண்டும்.

தொழிற்பகுதிப் பிள்ளைகளுக்கு இங்கே தனியாக ஓர் இடறல் காத்திருக்கிறது. தொழிலாளர் பற்றிய பத்தி வந்தால் அவர்களுக்கு வீட்டில் கேட்டது, கண்ணால் கண்டது எல்லாம் நினைவுக்கு வரும். பத்தியில் இல்லாத அந்த உண்மையை விடையாகத் தேர்ந்துவிடுவார்கள். அனுபவ அறிவு மதிப்புள்ளது. நீதிமன்றத்திலும் நாளைக்கு உதவும். ஆனால், தருக்கப் பகுதியில் பத்தியைத் தாண்டிப் போகக் கூடாது. ஒவ்வொரு விடைக்கும் ‘எந்த வரியிலிருந்து?’ என்று கேட்டு, விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மட்டும் குறிக்க வேண்டும். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘அனைவரும்’ போன்ற அளவு மீறிய சொற்கள் கொண்ட விடைகளைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

எதிர்த்தரப்பை முதலில் எழுதுதல்

பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். அவருடைய ஸ்ரீபாஷ்யம் என்ற நூல் தொடக்கத்திலேயே எதிர்த்தரப்பின் வாதத்தை நெடுக, அதன் முழு வலிமையோடு எடுத்துவைக்கிறது. மறுப்பு அதற்குப் பிறகே வருகிறது. பூர்வபட்சம், சித்தாந்தம் என்ற இந்த முறையைவிடச் சிறந்த தருக்கப் பயிற்சியைக் கண்டுபிடிப்பது கடினம். தமக்குப் பிடிக்காத கருத்துக்கு வலுவான மூன்று வாதங்களை எழுதப் பழகிய மாணவர், தேர்வில் தம் விருப்பத்துக்கு ஏற்ற விடையைத் தேடி அலைய மாட்டார்.

இதற்கான பாடம் பக்கத்திலேயே கிடைக்கிறது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இடம்பெறுவதற்கு நிர்வாகம் எதிர்ப்புத் தெரிவித்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

இதைத் தருக்க வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம்? ‘பெயர் நிறுவனத்தின் உடைமை, அனுமதியின்றி மற்றவர் அதைப் பயன்படுத்தக் கூடாது, ஆகவே, சங்கமும் பயன்படுத்தக் கூடாது’ என்பது ஒரு வாதம். சங்கம் பெயரை வைத்துக்கொள்வதும் வணிகத்துக்காகப் பயன்படுத்துவதும் ஒன்றே என்ற எடுகோள் அதற்குள் இருக்கிறது. ‘சங்கம் எதையும் விற்பதில்லை, ஆகவே, அது வணிகப் பயன்பாடு ஆகாது’ என்பது எதிர்வாதம். பெயர் உரிமை என்பது வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதோடு முடிந்துவிடுகிறது என்ற எடுகோள் இதற்குள் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே மாணவர் எழுதி, ஒவ்வொன்றின் எடுகோளையும் அடிக்கோடிட வேண்டும். யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் பிறகு வரட்டும்.

மொழியும் நேரமும்

கிளாட்டை மாநில மொழிகளில் நடத்தக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2023இல் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. அந்தக் கோரிக்கை நியாயமானது. அது நிறைவேறும்வரை மாணவர் காத்திருக்க முடியாது என்பதால், பாலம் ஒன்று வேண்டும்.

முதல் சில மாதங்கள் முழுக்கத் தமிழில் பயிற்சி. தமிழ் நாளிதழ்களின் தலையங்கத்தையும் நடுப்பக்கக் கட்டுரையையும் எடுத்து, முடிவுக்கு ஒரு நிறம், ஆதாரத்துக்கு ஒரு நிறம் என்று கோடிட்டு, சொல்லாத எடுகோளை ஓரத்தில் எழுத வேண்டும். அடுத்து, ஒரே விஷயத்தை இரு மொழிகளிலும் படித்தல். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கம் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் ஒரு பக்கம் படித்து வாதத்தைப் பிடித்த பிறகு அதே பக்கத்தை ஆங்கிலத்தில் படித்தால், புரியாத சொல் தடையாக நிற்காது. வாதம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் சொல்லின் பொருள் தானாக விளங்கும். மூன்றாவது கட்டத்தில்தான் ஆங்கிலப் பத்திகள். அப்போதும் தொடக்கத்தில் கடிகாரம் வேண்டாம்.

வேகம் கடைசியில் வரட்டும். தருக்கப் பகுதிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால், தவறான முறையில் வேகமாகச் செய்து பழகியவரைத் திருத்துவது, மெதுவாகச் சரியாகச் செய்பவரை வேகப்படுத்துவதைவிடக் கடினம்.

ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு பிழைக் குறிப்பேடு இருக்க வேண்டும். எத்தனை மதிப்பெண் என்பதை விட்டுவிட்டு, எந்த வகைப் பிழை என்று எழுத வேண்டும்: பத்தியைத் தாண்டிப் போனது, உடன்நிகழ்வைக் காரணமாகக் கொண்டது, நிபந்தனையைத் தலைகீழாகப் படித்தது, கேள்வியின் வகையையே தவறாகக் கொண்டது. சில வாரங்களில் ஒருவருக்கு ஒன்றிரண்டு வகைகளே திரும்பத் திரும்ப வருவது தெரியும். பயிற்சி அங்கே குவிய வேண்டும்.

தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் குறையும் என்பதால் பலர் சந்தேகமான கேள்விகளை விட்டுவிடுகிறார்கள். நான்கு விடைகளில் இரண்டைக் காரணத்தோடு நீக்க முடிந்தால், மிஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக லாபமே. அத்தகைய 8 கேள்விகளில் 4 சரியாகி 4 தவறானால்கூட நிகரமாக 3 மதிப்பெண் சேரும்.

பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கும் தாள்களிலும் கவனம் தேவை. 2024 டிசம்பர் 1 அன்று நடந்த தேர்வின் இரண்டு விடைகள் தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதே மாதத்தில் தீர்ப்பளித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பல பேராசிரியர்கள் சரிபார்த்த தாளிலேயே இப்படி என்றால், அவசரமாக அச்சிட்ட கைடு புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டமைப்பே இலவசமாக வெளியிடும் முந்தைய ஆண்டுத் தாள்களை மூன்று முறை ஆழ்ந்து போடுவது, பெயர் தெரியாத மாதிரித் தாள்களை முப்பது போடுவதைவிடப் பயன் தரும்.

செய்ய வேண்டியவை

மாவட்டங்களின் அரசு மாதிரிப் பள்ளிகளில் கிளாட் பயிற்சி அளிக்கப்படுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களுக்கு அது பெரிய உதவி. அந்தப் பாடப்பொருளை, குறிப்பாகத் தருக்கப் பகுதியை, தமிழ் விளக்கத்தோடு எல்லா அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் பள்ளிக் கல்வித் துறை அனுப்பலாம். பதினொன்றாம் வகுப்பிலேயே வாரம் ஒரு பாடவேளை போதும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பத்தியை அடுத்தடுத்த நாள்களில் நடத்த வேண்டும்.

ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் வாதப் பட்டறை நடத்தலாம். தலைப்புக்குப் பஞ்சமே இல்லை: கிராம சபைத் தீர்மானம், ஏரி ஆக்கிரமிப்பு, ஷிப்ட் நேரம், சாலை விரிவாக்கம். காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றங்களில் பணிபுரியும் இளம் வழக்கறிஞர்கள் மாதம் ஒருமுறை வந்து, ஒரு வழக்கின் இரு தரப்பு வாதங்களையும் பெயர்களை மறைத்து எடுத்துவைத்தால், அதற்கு ஈடான பாடப்புத்தகம் இல்லை.

கிளாட் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 3,500. பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் தொகை இது. கூட்டமைப்பு இதை வெகுவாகக் குறைக்க வேண்டும். அதுவரை, கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடக் கடமைப்பட்ட தொழிற்பூங்கா நிறுவனங்கள், சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் கிளாட் எழுத விரும்பும் எல்லோருக்கும் இந்தக் கட்டணத்தைக் கட்டலாம். அந்தச் சட்டம் அனுமதிக்கும் செலவினங்களில் கல்வியும் ஒன்று.

2023 முதல் 2025 வரை மூன்று ஆண்டுகளும் தேர்வு டிசம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தொடங்கி அக்டோபர், நவம்பர்வாக்கில் முடிகிறது. பிளஸ் 2 மாணவர்களின் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றை ஜூன் மாதத்திலேயே தலைமையாசிரியர்கள் சேகரித்துவைத்து, பள்ளியின் கணினி அறையிலேயே விண்ணப்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.